அப்பாவின் டைரி ஓரத்தில் புள்ளியும் கோடும்: தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மாயவரம்_பொண்ணு
9 ஜனவரி 2025, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு கேள்வி. சின்னதை முதலில் கேட்டால் பெரியதைப் படிக்காமலே பதில் போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால் பெரியது முதலில்.

அப்பா 2023 நவம்பரில் காலமானார். தந்தி ஆபீஸில் 34 வருஷம் வேலை பார்த்தவர், பெரும்பாலும் மாயவரத்தில். ஊருக்கு 1982இலேயே மயிலாடுதுறை என்று பெயர் மாறிவிட்டது. அப்பாவின் வாயிலும் பேனாவிலும் கடைசிவரை மாயவரம்தான். காரியமெல்லாம் முடிந்து அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிவரும்போது பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. உள்ளே 45 டைரிகள். 1979 முதல் 2023 வரை ஒரு வருஷம்கூட விடுபடவில்லை. ஒன்றுகூடக் காசு போட்டு வாங்கியதும் இல்லை. எல்.ஐ.சி. டைரி, உரக்கடை டைரி, கூட்டுறவு வங்கி டைரி. 1996இல் ஏதோ மருந்து கம்பெனி டைரி. பக்கத்துக்குப் பக்கம் வயிற்றுப்புண் மாத்திரை விளம்பரம்.

பக்கம் முழுக்க இடம் இருந்தாலும் அவர் எழுதுவது இரண்டு மூன்று வரி. விலாசத்தையும் சேர்த்துச் சொல்லுக்குச் சொல் காசு வாங்கும் இலாகாவில் இருந்த கை அல்லவா. சில நாட்களை அப்படியே தருகிறேன்.

"31.10.1984 புதன். இந்திரா காந்தி சுடப்பட்டு மரணம். டூட்டி 14 மணி நேரம். குட்டிக்கு ஜுரம் இறங்கிவிட்டது." (குட்டி நான்தான். அப்போது எட்டு வயது.)

"24.12.1987 வியாழன். எம்.ஜி.ஆர். மறைவு. பால் வரவில்லை. எதிர்வீட்டில் அரை ஆழாக்கு கிடைத்தது."

"22.5.1991 புதன். ராஜீவ் படுகொலை. பஸ் கிடையாது. நாளை மச்சினிச்சி கல்யாணம்." அடுத்த நாள்: "மாப்பிள்ளை சைக்கிளில் வந்து சேர்ந்தார். சாப்பாடு பாதி மீதி."

"24.3.2020 செவ்வாய். மாயவரம் தனி மாவட்டம், சட்டசபையில் அறிவிப்பு. இரவு 8 மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு அறிவிப்பு. மாவட்டத்தைச் சுற்றிப் பார்க்க வழியில்லை." 45 வருஷத்தில் அவர் எழுதிய ஒரே ஜோக் இதுதான் என்று நினைக்கிறேன்.

மேட்டூர் அணை திறப்பு எல்லா வருஷமும் உண்டு. எங்களுக்கு நிலம் ஒரு குழிகூடக் கிடையாது, ஆனாலும் எழுதுவார். "மேட்டூர் திறப்பு." இரண்டு மூன்று நாள் கழித்து, "கல்லணை திறப்பு." அப்புறம் ஒருநாள், "தண்ணி வந்தது. ஆற்றில் கால் நனைத்தோம்." ஜூன் 12 தள்ளிப்போன வருஷங்களில் அந்தத் தேதியில் "திறக்கவில்லை" என்று மட்டும் இருக்கும். 2020இல் எட்டு வருஷத்துக்கு அப்புறம் ஜூன் 12 அன்றே திறந்தபோது கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

என்னை உட்கார வைத்துவிட்டது 2004தான். "26.12.2004 ஞாயிறு. கடல் ஊருக்குள் வந்துவிட்டதாம். தரங்கம்பாடி, பூம்புகார். மீன்காரம்மா வரவில்லை." எங்கள் தெருவுக்குத் தரங்கம்பாடியிலிருந்து கூடையோடு பஸ்ஸில் வருவார் அந்த அம்மா. 27ஆம் தேதி, "மீன்காரம்மா வரவில்லை." 28, அதே. ஜனவரி முழுக்க வேறு என்ன எழுதியிருந்தாலும் கடைசி வரி அதுதான். பிப்ரவரி 9: "மீன்காரம்மா வந்தாச்சு. கூடை இல்லை. காபி கொடுத்தோம். ஒரு பையனைக் காணோமாம்." சுனாமியைப் பற்றி டிவியில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இந்த நான்கு வாக்கியத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு ஆபீஸுக்குப் போகவில்லை.

சரி, என் பிரச்சினைக்கு வருகிறேன். இந்த ஜனவரி 1 முதல் நானும் எழுதலாம் என்று ஆபீஸில் கொடுத்த டைரியை எடுத்தேன். எட்டு நாள் ஆகிறது. எழுதியதை இன்று படித்தால் என் வீட்டையே அதில் காணோம். 6ஆம் தேதி பக்கம் முழுக்க எச்.எம்.பி.வி. வைரஸ்: சீனா, முகக்கவசம், சென்னையில் ஒருவர், சேலத்தில் ஒருவர், வாட்ஸ்அப்பில் வந்ததில் எது புளுகு. 7, 8, 9 மூன்று நாளும் இஸ்ரோ. டிசம்பர் 30ஆம் தேதி அனுப்பிய இரண்டு செயற்கைக்கோள்களை வானத்தில் ஒன்றோடொன்று பூட்டப் போகிறார்களே, அது. 7 என்றார்கள், 9 என்றார்கள், இப்போது அதுவும் தள்ளிப்போய்விட்டது. இதற்கெல்லாம் இடம் இருந்தது. ஆனால் அதே 6ஆம் தேதிதான் என் அம்மா, இந்த ஃப்ளாட்டுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு அப்புறம் முதல்முறையாக, யார் துணையும் இல்லாமல் நான்காவது மாடியிலிருந்து லிஃப்டில் இறங்கித் தள்ளுவண்டியில் கறிவேப்பிலை வாங்கி வந்தாள். அது டைரியில் இல்லை. அப்பாவாக இருந்தால் "இவள் லிஃப்டில் தனியாகப் போய் வந்தாள்" என்று எழுதிவிட்டு, மீதி இடம் இருந்தால் வைரஸ்.

அப்பாவுக்குக் காலையில் பேப்பர், சாயங்காலம் ரேடியோவில் மாநிலச் செய்தி, அவ்வளவுதான். எனக்கு ஒரு நிமிஷத்துக்கு ஒன்று வருகிறது. இதில் எதை எழுதுவது, எதை விடுவது? டைரி எழுதுகிறவர்கள் சொல்லுங்கள்.

இப்போது சின்னக் கேள்வி. டைரிகளின் இடது ஓரத்தில் பென்சிலால் இரண்டு குறிகள் அங்கங்கே இருக்கின்றன.

ஒன்று: . – . . .
இன்னொன்று: – . –

முதல் குறி வந்தால், பிறகு கட்டாயம் இரண்டாவது வருகிறது. சில சமயம் அடுத்த நாளே, சில சமயம் பத்து நாள் கழித்து. உதாரணம், 9.11.2016: "500, 1000 செல்லாது. இவள் அரிசி டப்பாவிலிருந்து 11,500 எடுத்து வைத்தாள். எனக்குத் தெரியாத பணம்." ஓரத்தில் முதல் குறி. 21ஆம் தேதி: "பேங்கில் இவள் பெயரில் கணக்கு ஆரம்பம்." ஓரத்தில் இரண்டாவது குறி. நான் எண்ணிப் பார்த்தேன். 1990இல் 17 ஜோடி. 2010க்கு அப்புறம் வருஷத்துக்கு இரண்டு மூன்றுதான். திடீரென்று 2020இல் 22.

தந்தியில் எழுத்தைப் புள்ளியும் கோடுமாக அடிக்கும் மோர்ஸ் என்பது வரைக்கும் புரிகிறது. எழுத்தாகப் பிரித்தால் ஒரு அர்த்தமும் வரவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "அவர் கிறுக்கினதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்" என்றுவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டாள்.


கணக்குப்பிள்ளை_ஈரோடு
10 ஜனவரி, காலை 6.15

குறி பற்றித் தெரியாது. எங்கள் வீட்டு டைரியாக இருந்தால் கைமாற்று வாங்கியது, திருப்பிக் கொடுத்தது என்று சொல்லியிருப்பேன். ஜோடியாக வருகிறதே.

எதை எழுதுவது என்பதற்கு என் வழி: எனக்கு டைரி என்றால் வரவு செலவு நோட்டுதான். பெட்ஷீட் வியாபாரம். செலவுக்கு எதிரே காரணம் எழுதும் இடத்தில்தான் நாட்டு நடப்பு வரும். 2017 ஜூலை 1 அன்று "ஜி.எஸ்.டி. ஆரம்பம், பில் புத்தகம் புதிதாக அடித்தது 900 ரூபாய்." அவ்வளவுதான். காசோ காலோ அசையாத செய்திக்கு நோட்டில் இடம் கிடையாது. வானத்தில் செயற்கைக்கோள் பூட்டினால் எனக்கு என்ன, பூட்டாவிட்டால் என்ன?

சைக்கிளில் வந்த மாப்பிள்ளை இப்போது எப்படி இருக்கிறார்?


புதுவை_மழை
10 ஜனவரி, காலை 11.50

ஈரோட்டுக்காரர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நோட்டில் காசு அசைந்தால்தான் செய்தி என்றால் எங்கள் ஊர் ஆனந்தரங்கம் பிள்ளை என்ன எழுதியிருப்பார்? 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரியில் சாகும்வரை 24 வருஷத்துக்கு மேல் எழுதினார் மனுஷன். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர், வியாபாரி வேறு. எந்தக் கப்பல் வந்தது, எது போனது, கோட்டையில் யார் யாரைத் திட்டினார்கள், இங்கிலீஷ்காரன் எந்தப் பக்கம் நகர்கிறான், எல்லாம் இருக்கும். அதே மூச்சில் வீட்டுக் கல்யாணம், நல்ல நேரம், சகுனம், துரை பெண்சாதி மேல் அவருக்கு இருந்த எரிச்சல். மாயவரத்து அம்மா, உங்கள் அப்பாவுக்கும் அவருக்கும் ஒரு ஒற்றுமை பாருங்கள். இரண்டு பேரும் செய்தியைத் தேடிப் போய்க் கேட்டதில்லை. வேலையே அதுதான். துறைமுகத்துக்கு வருவதெல்லாம் அவர் மேஜைக்கு வரும், கம்பியில் வருவதெல்லாம் உங்கள் அப்பா காதுக்கு வரும்.

ஆனால் பிள்ளை அளந்து எழுதுகிறவர் இல்லை. சென்னை அரசாங்கம் அதை இங்கிலீஷில் போட்டபோது 12 தொகுதி ஆயிற்று, 1904இல் ஆரம்பித்து 1928இல்தான் முடித்தார்கள். அதனால் வளவளவென்று எழுதுகிறோமே என்று கவலைப்படாதீர்கள். அவர் அன்றைக்கு "இது நம் வீட்டைத் தொடாத விஷயம்" என்று விட்டிருந்தால் பாண்டிச்சேரிக்காரர்களுக்கு அந்தக் காலமே கிடைத்திருக்காது. அவர் இறந்த அதே மாதம் ஊர் இங்கிலீஷ்காரனிடம் விழுந்தது. அதை எழுத அவர் இல்லை என்பதில் எனக்கு இன்னும் வருத்தம்.

நானும் எழுதுகிறவன்தான், விட்டு விட்டு. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கம் கரையேறியபோது மெழுகுவத்தியில் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். காலையில் எழுந்து பார்த்தால் கீழ்வீட்டு ஃப்ரிட்ஜ் தண்ணீரில் மிதக்கிறது. நான்கு பக்கத்தில் ஒரு வரிகூட அதைப் போல இல்லை. சரி, அந்தக் கதை வேண்டாம்.

டைரிகளைப் பரணில் இருந்து இறக்கியது நல்லது. ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று தையல் ஓரத்தைப் பாருங்கள். வெயிலில் காயப் போடாதீர்கள், மை வெளுத்துவிடும். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வையுங்கள். பென்சில் குறி முதலில் அழியும், அதை முன்னால் எடுங்கள்.


மாயவரம்_பொண்ணு
10 ஜனவரி, மாலை 4.20

ஈரோட்டு அண்ணா, மாப்பிள்ளை சித்தப்பா நன்றாக இருக்கிறார். அன்றைக்குத் தலைப்பாகையோடு 19 கிலோமீட்டர் மிதித்ததை இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு தடவையும் இரண்டு கிலோமீட்டர் கூடும். டைரியில் தூரம் எழுதாமல் விட்டுவிட்டாரே அப்பா என்று எனக்கு ஆத்திரம்.

புதுவை அண்ணா, 1996 மருந்து டைரியில் பூச்சி இருக்கிறது. மாத்திரை விளம்பரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சாப்பிட்டிருக்கிறது.


டக்டக்_தாத்தா
10 ஜனவரி, இரவு 8.05

மாயவரத்துப் பெண்ணே, நான் திருச்சி. அதே இலாகா, 1971இல் சேர்ந்தேன். 1985இல் தபால் தனி, தொலைத்தொடர்பு தனி என்று பிரித்தார்களே, அதற்கு முந்திய ஆள். கண் சரியில்லை, பேத்தி தட்டச்சு செய்கிறாள். தப்பு இருந்தால் அவளுடையது.

நீ எழுத்தாகப் பிரித்ததால்தான் அர்த்தம் வரவில்லை. புள்ளி கோடு, புள்ளி புள்ளி புள்ளி என்று இடைவெளி விட்டால் ஏ, எஸ். விடாமல் ஒரே ஓட்டமாக அடித்தால் அது எழுத்து இல்லை. வேலைக்கான சைகை. "காத்திரு" என்று அர்த்தம். எதிர்முனையில் ஒருவன் செய்தியை அனுப்பிக்கொண்டே இருப்பான். இங்கே பேனா எழுதவில்லை, அல்லது அதிகாரி கூப்பிடுகிறார். அப்போது இதைத் தட்டினால் அவன் நிறுத்துவான். ஒன்றைக் கவனி. லைன் அறுந்துபோனால் சத்தமே இருக்காது. இந்தச் சைகை வந்தால் ஆள் அங்கேதான் இருக்கிறான், லைன் நன்றாக இருக்கிறது, இப்போது மட்டும் முடியாது.

இரண்டாவது, கோடு புள்ளி கோடு. கே என்ற எழுத்து. தனியாக வந்தால் "நீ அனுப்பு, நான் கேட்கிறேன்."

செய்தியைத் தானே அச்சடிக்கும் டெலிபிரிண்டர் வந்த பிறகும் சின்ன ஊர்களில் மோர்ஸ் ரொம்ப நாள் ஓடியது. கேட்காதவர்களுக்குச் சொல்கிறேன்: சவுண்டர் என்ற பெட்டியில் புள்ளிக்கும் கோட்டுக்கும் ஒரே சத்தம்தான். கீழே ஒரு டக், மேலே ஒரு டக். நடுவில் விட்ட நேரத்தை வைத்துக் காது பிரிக்கும். கோடு என்றால் மூன்று புள்ளி நேரம். பழகியவனுக்கு எதிர்முனையில் இருப்பது யார் என்று கைப்பாங்கிலேயே தெரிந்துவிடும். விழுப்புரத்தில் ஒருவர் இருந்தார், முகத்தை நான் பார்த்ததே இல்லை, அவருக்குப் பல்வலி என்றால் எனக்குத் தெரியும்.

1984இல் 14 மணி நேரம் என்று எழுதியிருக்கிறாரே, குறைத்து எழுதியிருக்கிறார்.

இன்னொன்று. மூன்று வரிக்கு மேல் எழுதவில்லை என்கிறாய். சிக்கனம் மட்டும் காரணம் இல்லை. "ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி" என்பது அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்னால் எங்கள் காதுக்கு வரும். கடைத்தெருவில் அந்த வீட்டுக்காரர் எதிரே வந்து சிரிப்பார். வாயைத் திறக்கக்கூடாது. தந்தி கொண்டுபோகிறவர் போய்ச் சேரட்டும். அப்படி முப்பது வருஷம் இருந்தவனுக்கு எழுத உட்கார்ந்தாலும் கை கட்டிக்கொள்ளும்.

வீட்டில் யார் யாரைக் காத்திருக்கச் சொன்னார்கள் என்பது என் இலாகா இல்லை. அம்மா டிவி சத்தத்தைக் கூட்டினார் என்றால் தெரியும் என்று அர்த்தம்.


அடுக்களை_அரசி
11 ஜனவரி, மதியம் 2.30

எனக்குப் புரிந்துவிட்டது. இதற்குத் தந்தி ஆபீஸ் தேவையில்லை. சண்டை நாள், சமாதான நாள். 2020இல் 22 ஜோடி என்றதுமே தெரிந்தது; எங்கள் வீட்டில் என்றால் அந்த வருஷம் ஓரம் பத்தியிருக்காது, தனி நோட்டு வேண்டும்.

ஆனால் எனக்குக் கோபம்தான் வருகிறது. "காத்திரு" என்று இவர் சொல்வாராம், மனசு ஆறியதும் "நீ சொல்லு, கேட்கிறேன்" என்று இவரே சொல்வாராம். 12 நாள் அந்த அம்மா அடுப்படியில் நின்றுகொண்டு சமிக்ஞை வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? அதுவும் அந்த அம்மாவே சேர்த்து வைத்த பணத்துக்கு. இதையெல்லாம் அழகு என்று சொல்லி யாரும் வந்துவிடாதீர்கள்.


மாயவரம்_பொண்ணு
12 ஜனவரி, இரவு 9.10

தாத்தாவுக்கும் பேத்திக்கும் கோடி நமஸ்காரம். அரசி அக்கா, உங்கள் கோபத்தை அப்படியே எடுத்துக்கொண்டுபோய்த்தான் அம்மா முன்னால் உட்கார்ந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

இன்று மத்தியானம் பொங்கலுக்கு மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். கேட்டால் மறுபடி டிவி ரிமோட்டைத் தேடுவாள். அதனால் ஒன்றும் கேட்காமல், ஸ்பூனால் எவர்சில்வர் தட்டு விளிம்பில் ஒரு இழுப்பு, ஒரு தட்டு, ஒரு இழுப்பு. கோடு, புள்ளி, கோடு. அம்மாவின் கை நின்றது. தலை நிமிரவில்லை. "அதை யார் உனக்குச் சொன்னா?" என்றாள்.

1974இல் கல்யாணம். பாட்டி, தாத்தா, இரண்டு அத்தை, ஒரு பெரியப்பா குடும்பம், எல்லாரும் ஒரே வீடு. மாமியார் எதிரில் புருஷனிடம் பேச முடியாது, சண்டை எங்கே போடுவது? அப்பா இவளுக்கு மோர்ஸ் முழுக்கச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தாராம். "எனக்கு இருக்கிற வேலைக்கு அதெல்லாம் ஏறலை, ரெண்டே ரெண்டு வச்சுக்கிட்டேன்" என்கிறாள். இரண்டும் அவளுடையது. அடிப்பது அவள். வாணலி விளிம்பில் கரண்டியால். கோபம் என்றால் ஒரு தட்டு, ஒரு இழுப்பு, மூன்று தட்டு. முற்றத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் அப்பா அதைக் கேட்டுவிட்டால் அன்றைக்கு வாயைத் திறக்க மாட்டார். என்றைக்கு அவள் கோடு புள்ளி கோடு அடிக்கிறாளோ அன்றைக்கு அவர் வந்து சமையல்கட்டு வாசற்படியில் உட்காருவார்.

டைரி ஓரத்தில் இருப்பது அவர் சொன்னது இல்லை. வந்த தந்தியைப் பதிவு செய்திருக்கிறார், அவ்வளவுதான்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். சின்ன வயசு முழுக்கக் கேட்டிருக்கிறேன். கரண்டியில் ஒட்டிய மாவைத் தட்டுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

2016 பற்றியும் கேட்டேன். பணம் செல்லாமல் போனதற்கு அவளுக்குக் கோபம் இல்லை. டப்பாவிலிருந்து எடுத்து வைத்ததும் அப்பா "இது எங்கிருந்து வந்தது?" என்றாராம். "42 வருஷம் அவர் சம்பளத்தில்தானே குடும்பம் நடத்தினேன், அப்புறம் எங்கிருந்து வரும்?" என்கிறாள். இன்றைக்கும் குரல் ஏறுகிறது. பேங்கில் வரிசையில் நின்று இவள் பெயரில் கணக்கு ஆரம்பித்து, பாஸ்புக்கைக் கொண்டுவந்து அரிசி டப்பாவுக்குள்ளேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மறுபடி அரிசி எடுக்கும்போதுதான் இவள் பார்த்தாள். அன்றைக்குச் சாயங்காலம் கரண்டி.

மன்னிப்புக் கேட்டாரா என்றேன். "அவரா?" என்று மொச்சைத் தோலை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.


அடுக்களை_அரசி
12 ஜனவரி, இரவு 10.30

சரி, வாபஸ். பாதி வாபஸ். வாயால் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டிருக்கலாம் என்பதில் நான் அப்படியேதான் இருக்கிறேன்.

இன்று தோசைக்கல்லில் அடித்துப் பார்த்தேன். "ஸ்குரு லூஸா?" என்று கேட்கிறார் எங்கள் வீட்டுக்காரர்.


டக்டக்_தாத்தா
13 ஜனவரி, காலை 7.40

உன் அம்மாவிடம் சொல், வாணலி விளிம்பில் கோட்டை இழுத்து அடித்தது நல்ல யோசனை. தட்டினால் மட்டும் இடைவெளி பிசகிவிடும். எங்கள் ஆபீஸில் புதிதாக வந்தவர்களுக்கு அது வர ஆறு மாதம் ஆகும்.

2013 ஜூலை 14 அன்று உன் அப்பா என்ன எழுதியிருக்கிறார்? தந்தி நின்ற நாள். பேத்தி கேட்கச் சொன்னாள் என்று வைத்துக்கொள்.


மாயவரம்_பொண்ணு
16 ஜனவரி, இரவு 8.50

தாத்தா, பொங்கல் வேலையில் தாமதமாகிவிட்டது. எடுத்துப் பார்த்தேன். "14.7.2013 ஞாயிறு. இன்றோடு தந்தி சேவை முடிவு. இவள் பிடிவாதமாக வடை சுட்டாள். சாப்பிட்டேன்." ஓரத்தில் குறி ஒன்றும் இல்லை. அம்மாவிடம் காட்டினேன். "அன்னிக்குக் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை, வேற என்ன பண்றது" என்றாள்.

ஈரோட்டு அண்ணா சொன்னதற்கும் புதுவை அண்ணா சொன்னதற்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறேன். வைரஸை நிறுத்திவிட்டேன். இஸ்ரோவை விட மனசு வரவில்லை. இன்றைய பக்கம் இதோ:

"16.1.2025 வியாழன். காணும் பொங்கல். செயற்கைக்கோள் இரண்டும் காலையில் பூட்டிக்கொண்டன. அம்மா சொல்லாமல் கொள்ளாமல் லிஃப்டில் இறங்கி, ரோட்டைத் தாண்டிப் போய், கரும்பு வாங்கி வந்தாள். ரோடு தாண்டியதற்கு நான் கத்திவிட்டேன்."

எழுதி முடித்து மூடப்போனேன். சமையலறையில் குக்கர் மூடி மேல் சத்தம். ஒரு தட்டு, ஒரு இழுப்பு, மூன்று தட்டு. பென்சில் எங்கே என்று தேடி எடுத்து ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.